முற்றத்தில் திறந்த டிபரன்சல்

என் கணவருக்கு மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டாராம். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கதிரையில் சரிந்து உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போனார்கள். "நல்ல மனிசன். அண்டைக்கெண்டு மறந்து போனார். அல்லாட நாட்டம்." திரைக்குப் பின்னால் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திரைக்கு முன்னால் இருந்து மாமி, அவரைப் பெற்றவர், கேட்டுக்கொண்டிருந்தார். எனக்காவது முகத்தை மறைத்துக்கொள்ள இடம் இருந்தது.

நாங்கள் இருப்பது மதுரங்குளியில். கணவரிடம் ஒரு பழைய லொறி இருந்தது. புத்தளத்து உப்பளங்களில் உப்பை ஏற்றி, கற்பிட்டிப் பக்கம் கருவாடு போடுகிற வாடிகளுக்குக் கொண்டுபோவார். உச்சமுனைத் தீவுக்கு லொறி போகாது. கரையில் நிறுத்தி, மூட்டைகளை வள்ளத்துக்கு மாற்ற வேண்டும். அந்தக் கரையில் தண்ணீர்வரை இறங்கும் ஒரு கொங்கிறீட் சரிவு இருக்கிறது. லொறியைப் பின்பக்கமாகச் சரிவில் இறக்கி, பாதியில் நிறுத்தி, பின்னால் போய்ச் சில்லுக்குக் கட்டை வைத்துக் கதவைத் திறப்பது அவருடைய வழக்கம். அன்று காலையிலும் அப்படித்தான் செய்தார். பின்னால் போய் நின்றதும், கட்டை வைக்குமுன் லொறி உருண்டது. அவரையும் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உழவு இயந்திரத்தைக் கட்டி லொறியை வெளியே இழுத்தார்கள். அந்த அமளியில் யார் யாரோ உள்ளே ஏறினார்கள், கயிறு கட்டினார்கள், ஸ்டியரிங்கைத் திருப்பினார்கள். பிறகு வந்து பார்த்தவர்கள் ஹேண்ட் பிரேக் லிவர் கீழே இறங்கிக் கிடந்ததைக் கண்டார்கள். கதை அதிலிருந்துதான் பிறந்தது. பிரேக்கில் பிழை இல்லை, லிவர் கீழே கிடக்கிறது, ஆகவே ஆள் மறதிக்காரன். பேச்சுக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மனிதர் குழாயை மூடிவிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை திருகிப் பார்ப்பவர். சைக்கிளைச் சுவரில் சாத்தினால்கூடச் சில்லுக்கு ஒரு கல் வைப்பவர். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரி வேறு என்ன சொல்வாள் என்பார்கள்.

போகவும் முடியாது. நான் இத்தாவில் இருந்தேன். கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, யன்னல் ஓரக் கட்டிலில் இருந்துகொண்டு, முற்றத்தில் உப்புப் பூத்து நின்ற லொறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சோறு போட்டதும் அதுதான், அவரைக் கொண்டுபோனதும் அதுதான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்க எனக்குத் தெரியவில்லை.

என் தம்பியும் சாரதிதான். மற்றவர்களுடைய வாகனங்களை ஓட்டித் திரிந்தவன். பிள்ளைகளை நினைத்து, லொறியைத் தான் எடுத்து ஓட்டுவதாகச் சொன்னான். வேறு சிலர் விற்றுத்தள்ளச் சொன்னார்கள். ராசியில்லாத லொறியாம். இன்னொருத்தன் தலையில் கட்டினால் மட்டும் அதற்கு ராசி வந்துவிடுமா என்று கேட்டேன். துக்கத்தில் கதைக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். நான் கோபத்தில்தான் கதைத்தேன்.

தம்பியிடம் ஒன்றைத்தான் சொன்னேன். "அது ஏன் உருண்டது எண்டு தெரியாம ஒன்ன நான் அதுல ஏத்த மாட்டன். மச்சான் மறந்தாரா, இல்லாட்டி லொறியில பிழையா? அது தெரியோணும்."

"சரி ராத்தா, கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய் லொறி திருத்துற பாஸ்ட்ட காட்டுறன்."

"கராஜ் வேணாம். பாஸ இங்க வரச் சொல்லு. என்ட யன்னலுக்கு முன்னால திறக்கச் சொல்லு."

தம்பி சிரிக்கப் பார்த்தான், என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

பாஸ் வந்தார். கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. கடலுக்குப் போகாமல் கராஜ் போட்டவர். முன்பே என் கணவருக்குப் பழக்கம். யன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. என் கேள்விகளையும் அவருடைய பதில்களையும் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலையை மாமி ஏற்றுக்கொண்டார். நான் ஒரு வரியில் கேட்டது முற்றத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று வரியாகியிருக்கும். இடையில் ஒரு "கோவிக்காதீங்க பாஸ்" கட்டாயம் இருக்கும். பாஸ் சொல்லும் பதிலோ மாமியின் அபிப்பிராயத்தோடு சேர்த்துத்தான் எனக்கு வரும். யன்னலில் இருந்தே எல்லாம் நேரே கேட்கிறது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. மகன் போன பிறகு அவர் எழுந்து நடந்து திரிந்த முதல் நாள் அது.

எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் போயிருந்ததால் அது உயிர் பெறவில்லை. பாஸ் முன்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்னுக்கு வந்தார். பின் சில்லுகளுக்கு நடுவில் வயிறு மாதிரிப் புடைத்திருக்குமே, அந்த இரும்புக் குடம்தான் டிபரன்சல். எஞ்சினின் சக்தியைக் கொண்டுவரும் நீண்ட தண்டு வந்து முட்டுவது அங்கேதான். அதற்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம்தான் சில்லுகளைச் சுற்ற வைக்கிறது. அந்தத் தண்டைப் பாஸ் கையால் சுற்றிப் பார்த்தார். அது சுற்றியது, சில்லு அசையவில்லை. அவர் எழுந்து நின்று கையைத் துடைத்தார். பிறகு திரும்பவும் குந்தி இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்.

வெளி போல்ட்டுகள் சிரமமில்லாமல் கழன்றன. "நல்லாக் கவனிச்சு வச்சிருக்கிறார்" என்றார் பாஸ். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது. ஒரு மாரிக்குப் பூட்டிய நட்டு அடுத்த மாரிக்குக் கழராது, அறுக்கத்தான் வேண்டும். அதனால் இங்கே லொறியோ, வள்ளத்து எஞ்சினோ, கதவுக் கொண்டியோ, கிரீஸில் தோய்க்காமல் யாரும் எதையும் பூட்டமாட்டார்கள். உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு அது இன்னும் கூட. மாமி இளவயதில் உப்பளத்தில் நின்றவர். எங்கள் வீட்டு யன்னல் கொண்டிகளுக்குக்கூட அவர்தான் கிரீஸ் பூசுவார்.

டிபரன்சலைத் திறந்ததும் தேத்தண்ணி நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஊற்றியது. அதோடு போல்ட் தலைகள் விழுந்தன. பாஸ் அவற்றைப் பொறுக்கி ஒரு தகரத்தில் வரிசையாக வைத்தார். பிறகு மாமியைக் கூப்பிட்டார்.

"உம்மா, வந்து பாருங்க. கிரவுன் வீலப் பிடிச்சிருக்கிற போல்ட் எல்லாம் அறுந்து போச்சு. இந்த லொறியில ஹேண்ட் பிரேக் சில்லப் பிடிக்கிறதில்ல. இந்தா, இந்த நீட்டுத் தண்டத்தான் பிடிக்கும். தண்டு நிண்டா சில்லும் நிக்கும், நடுவுல இந்த போல்ட் இருக்கிற வரைக்கும். போல்ட் அறுந்தா தண்டு நிக்கும், சில்லு ஓடும். உங்கட மகன் லிவர மேல இழுத்திருந்தாலும் லொறி உருண்டுதான் இருக்கும். கியர்ல போட்டிருந்தாலும் உருண்டிருக்கும்."

மாமி விளங்காதவர் போல நின்றார். "அப்ப அவன் மறக்கல்லையா?"

"மறந்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. மறந்தாத்தான் உருளும் எண்டு இல்ல, உம்மா. அவர் இறங்கிப் பின்னால போற வரைக்கும் ஒண்டு ரெண்டு போல்ட் பிடிச்சிருக்கும், பிறகு அதுவும் அறுந்திருக்கும்."

மாமி தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் செய்தி கொண்டுவரக்கூட மறந்து, நேரே உள்ளே போய் ஒளு எடுத்துத் தொழுகைப் பாயை விரித்தார். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் போன பிறகு நிம்மதியாக அழுதது அப்போதுதான்.

அந்த நிம்மதி எனக்கு நீடிக்கவில்லை. மாமி சுஜூதில் தலை வைத்திருந்த நேரத்தில் பாஸ் லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் குந்தியிருந்த தம்பியிடம் தாழ்ந்த குரலில் கதைத்தார். கிரவுன் வீல் துளைகளில் மாட்டிக்கொண்டிருந்த போல்ட் துண்டுகளை அவர் விரலாலேயே திருகி எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க தம்பி, விரலோட வருது. இது ஸ்பனர்ல குழாய் மாட்டித் திருகினாலும் வரக் கூடாது. மரைக்குள்ள கிரீஸ். இது எண்ணெய்க்குள்ள கிடக்கிற போல்ட், இதுக்குத் துரு எங்க வரப்போகுது? பெற்றோலால கழுவிக் காய வச்சு, கழராமப் பிடிக்கிற பசை போட்டு இறுக்கோணும். கிரீஸ் பூசினா வழுக்கி வழுக்கிக் கழரும். ஒண்டு கழண்டா மிச்சத்துக்குப் பாரம் கூடி அறும். எந்த மனிசன் இதைப் பூட்டினது?"

தம்பி தகரத்தில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். "மச்சான்தான்" என்றான்.

துண்டுகளைத் தகரத்தில் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. டிபரன்சலில் இரைச்சல் வருகிறது என்று, எங்கோ கழற்றி விற்ற கிரவுன் வீல் ஒன்றை வாங்கி வந்து, இதே முற்றத்தில் அவர் தானே பூட்டினார். நான் குசினியில் நின்றேன். தாயும் மகனும் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இப்போது, மறதிக்காரன் என்ற பழியிலிருந்து அவரை மீட்ட அதே தகரத்தில்தான் அவருடைய பிழையும் கிடந்தது. கவனமாக இருந்து, அந்தக் கவனத்தாலேயே போயிருக்கிறார். இதை நினைத்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமிக்கு மட்டும் பசி திரும்பியிருந்தது. வருகிறவர்களை வாசலில் வைத்தே பிடித்துச் சொல்வார். "மகன் மறக்கல்ல. போல்ட் அறுந்தது. பாஸ் கண்ணால கண்டது." அடுத்த தேத்தண்ணி வருவதற்குள் இன்னொரு தடவை சொல்வார்.

பாஸ் தம்பியிடம், பூட்டுவதாக இருந்தால் பழையபடி பூட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஈர உப்பின் பாரமும் கரை மணலும் சேர்ந்தால் எந்த டிபரன்சலும் படாத பாடு படும். மணலில் சும்மா சுற்றும் சில்லு திடீரென்று பிடிமானம் கண்டால் அந்த வெட்டு முழுக்க இந்த போல்ட்டுகளில்தான் இறங்கும். ஆகவே வேறு கிரவுன் வீல். அதைப் பிடிக்கும் தட்டில் இழுபட்டிருந்த துளைகளைப் புத்தளத்தில் லேத்துக்குக் கொடுத்து ஒரு அளவு பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த ஹைடென்சில் போல்ட்டுகள். பேரிங்கை அமர்த்தும் மூடிகளுக்கும் போல்ட்டை விட்டு, இரண்டு பக்கமும் மரை உள்ள ஸ்டட்டும், தடித்த வாஷரும், புது நட்டும். பழைய போல்ட் ஒன்றுகூடத் திரும்பப் போவதில்லை. ஒரு தடவை இறுக்கியது உள்ளுக்குள் இழுபட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்றார்.

எஞ்சினைக் கழற்றிக் கழுவித் திருத்தி, எல்லாம் சேர்ந்த பிறகு பாஸ் மறுபடி வந்தார். என் யன்னலுக்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து, புதுப் போல்ட்டுகளைப் பெற்றோலில் கழுவிக் காய வைத்தார். கறுப்பாக, தலையில் எண் பொறித்து, பார்க்கவே பாரமாக இருந்தன. துளைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காற்று ஊதினார். பக்கத்தில் சின்னப் போத்தலில் சிவப்புப் பசை இருந்தது. தம்பி இறுக்கும் அளவைக் காட்டும் நீண்ட சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் உயிர் அந்தச் சாக்கில் கிடந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அப்போது மாமி பின்பக்கக் கொட்டிலிலிருந்து வந்தார். கையில் அவருடைய மகனின் கிரீஸ் டின். பழைய பால்மா டின், மூடியில் துணி சுற்றியிருந்தது. அதைச் சாக்கின் நடுவில், கழுவிக் காய்ந்த போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாஸ், இதுல தோய்ச்சுப் பூட்டுங்க. மகன் இது இல்லாம ஒண்டும் பூட்ட மாட்டான். போன முறை இதப் பூட்டக்குள்ள நான்தான் பக்கத்துல இருந்து ஒவ்வொரு போல்ட்டா தோய்ச்சுத் தோய்ச்சுக் குடுத்தன். வேணாம் உம்மா, இது உள்ளுக்குப் போறது, காஞ்சபடிதான் பூட்டோணும் எண்டான். உள்ளுக்குப் போனா ஆர் பாக்கிற, அதுக்குத்தான் கூடப் பூசோணும் எண்டன். சிரிச்சான். சரி, தாங்க உம்மா எண்டான்."

சொல்லிவிட்டு மாமி சிரித்தார். மகன் போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பாஸின் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. அத்தனை நாளும் தப்பித் தவறியும் யன்னல் பக்கம் பார்க்காத மனிதர், அப்போது பார்த்தார். தம்பிக்கும் விளங்கிவிட்டது. அவன் வாய் திறந்தது. அவனை எனக்குத் தெரியும், நினைத்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துகிறவன். அந்த டின் அங்கே இருக்கவும் கூடாது. ஏன் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் கூடாது. கேள்வியும் பதிலும் கொண்டுபோகிற மாமியிடம் இதைக் கொடுத்தனுப்ப முடியாது.

"மாமி!" என்றேன். என் குரல் முற்றத்துக்குப் போனது இத்தா தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை. எனக்கே அந்நியமாக இருந்தது. "அந்த டின்ன குடுக்காதீங்க. இங்க கொண்டு வாங்க."

"ஏன் மகள்? பாஸுக்கு வேணுமே."

"அது அவர்ட கை பட்ட டின். ஆருக்கும் குடுக்க ஏலாது. எனக்கு வேணும்."

மாமி என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ் மெதுவாகச் சிவப்புப் போத்தலைக் கையில் எடுத்தார். "ஓம் உம்மா, தங்கச்சிட்ட குடுங்க. எனக்கு இது போதும்."

மாமி டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்நிய ஆண்கள் முற்றத்தில் இருக்க நான் சத்தம் போட்டதற்கு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ டின்னை என் மடியில் வைத்து, தலையைத் தடவிவிட்டுப் போனார். மூடியைத் திறந்து பார்த்தேன். கிரீஸில் விரல் வழித்த தடங்கள் இருந்தன. எது அவருடையது, எது மாமியுடையது என்று பிரித்தறிய முடியவில்லை.

மாமி மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். கொதித்தது. மாமியை விட, தெரிந்துகொண்டே "சரி, தாங்க உம்மா" என்று கையை நீட்டிய மனிதர் மேல் இன்னும் கொதித்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பெற்ற தாயோடு அவர் வாதாடியிருக்கக் கூடாதா? ஆனால் பக்கத்தில் குந்தியிருந்து போல்ட் எடுத்துக் கொடுக்கும் உம்மாவிடம் ஒரு கிரீஸுக்காக முகம் சுளிக்க அவரால் முடியாது. முடிந்திருந்தால் அவர் வேறு ஆள். நான் வாழ்ந்தது இந்த ஆளோடுதான், இந்த மனதுக்காகத்தான். கொதிப்பு அடங்க நாளாயிற்று. அடங்கியது.

வெளியே பாஸ் ஒவ்வொரு போல்ட்டிலும் பசையைச் சொட்டி, காய்ந்த மரையில் ஏற்றி, எதிர் எதிராக இறுக்கிக்கொண்டு போனார். அளவு வந்ததும் சாவி "டக்" என்று சொல்லும். அந்தச் சத்தம் வரும்வரை நான் மூச்சை விடவில்லை. கடைசி போல்ட்டுக்குப் பிறகு தம்பியை யன்னலடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஓட்டு. ஆனா சரிவுல நிப்பாட்டினா இறங்கின உடன சில்லுக்குக் கட்டை வை. பின்னால போறது அதுக்குப் பிறகு." அவன் தலையாட்டினான். "மாமிட்ட ஒண்டும் கதைக்க மாட்டன் ராத்தா" என்றான். நான் கேட்காமலே சொன்னான்.

இத்தா முடிந்து, தம்பி உப்பு ஏற்றி உச்சமுனைக் கரைக்குப் போய் வரத் தொடங்கிவிட்டான். லொறி வாசலுக்கு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறேன், ஒரு சுருதி மாற்றமும் இல்லை. கிரீஸ் டின் என் அலுமாரியில், அவருடைய சாரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்காணாத இடத்தில் எறிந்துவிடலாம் என்று சில நாள் நினைப்பேன். எறிய முடியாது. மாமி வெள்ளிக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து, அதைத் தன் தலைத்துணியால் துடைத்து வைக்கிறார்.

போன கிழமை மாமியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். மாமி அவளைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டி வந்து டின்னைக் காட்டினார். "மகன்ட கிரீஸ் டின். மருமகள் சும்மா இல்ல, பாஸே கேட்டும் குடுக்கல்ல. அவ்வளவு பாசம்." பிறகு என்னைப் பார்த்து, "ஆருக்கும் குடுத்திராதீங்க மகள்" என்றார்.

"இல்ல மாமி. குடுக்க மாட்டன்" என்றேன்.